மெயிலில் வைரஸ் வந்துவிட்டதா? வீட்டுக் கணினி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தின் பல வீடுகளில் குடும்பத்துக்கே கணினி ஒன்றுதான். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் டியூஷன் குறிப்பும், அக்காவின் வேலை விண்ணப்பமும், அப்பாவின் ஊழியர் சேமலாப நிதிப் படிவமும் அந்த ஒன்றிலேயே கிடக்கின்றன. அதனால் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல் ஒன்று வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் கணினி கற்பிக்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியை அதிகம் மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

“மெயிலில் வைரஸ்” என்று ஒருவர் சொல்லும்போது மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். கணினிக்குள் தீங்கான நிரல் ஒன்று நுழைந்திருக்கலாம். கணினி நன்றாக இருக்க, மின்னஞ்சல் கணக்கு மட்டும் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். அல்லது இரண்டும் நடக்காமல், உங்கள் பெயரை யாரோ போலியாகப் பயன்படுத்தியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. எது நடந்தது என்று பாராமல் நேரே ஃபார்மட் அடிக்கப் போவதால்தான் பணமும் படங்களும் வீணாகின்றன.

1. மெயிலைத் திறந்து வாசித்துவிட்டேன். அதனாலேயே வைரஸ் வந்துவிடுமா?

ஏறத்தாழ எப்போதும் வராது. ஜிமெயில் போன்ற சேவையை உலாவியில் திறந்து வாசிக்கும்போது எழுத்தும் படமும் காட்டப்படுகின்றனவே தவிர, கடிதத்தோடு வந்த நிரல் எதுவும் இயங்குவதில்லை. கூடிப்போனால், கடிதத்தில் ஒளித்துவைத்த சிறு படம் ஒன்றின் மூலம் நீங்கள் அதைத் திறந்தீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியவரலாம்.

இந்தப் பயம் காரணமில்லாமல் பிறந்ததன்று. 1999ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ‘பபிள்பாய்’ என்ற புழு (தானாகவே பரவும் தீங்கு நிரல்), அவுட்லுக்கில் கடிதத்தைத் திறந்த மாத்திரத்திலேயே பரவக்கூடியதாக இருந்தது. 2023 மார்ச்சில்கூட, விண்டோஸுக்கான அவுட்லுக் செயலியில், கடிதம் வந்து சேர்ந்தாலே போதும் என்ற அளவுக்கு ஆபத்தான ஒரு குறைபாட்டை மைக்ரோசொஃப்ட் திருத்தியது. ஆகவே கணினியில் அவுட்லுக் பயன்படுத்துவோர் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடக் கூடாது. உலாவியில் வாசிப்போர் நிம்மதியாக இருக்கலாம்.

2. கூட வந்த ஃபைலை டவுன்லோட் செய்தேன், ஆனால் திறக்கவில்லை. என்ன செய்வது?

அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்குங்கள். வட்டில் சும்மா கிடக்கும் கோப்பு தானாக எழுந்து வேலை செய்யாது. “உண்மையிலேயே வைரஸ்தானா என்று பார்ப்போம்” என்று இரண்டு முறை சொடுக்கிப் பார்ப்பதுதான் இந்த இடத்தில் செய்யக்கூடிய ஒரே பெரிய தவறு. கோப்பை மட்டும் அழியுங்கள், மின்னஞ்சலை வைத்திருங்கள். அதற்கான காரணம் கடைசிக் கேள்வியில் வருகிறது.

3. பிடிஎஃப் என்றுதான் இருந்தது, அதை நம்பித்தான் திறந்தேன். பிடிஎஃப்பில் வைரஸ் இருக்குமா சேர்?

இருக்கலாம், ஆனால் அரிது. அதைவிட அதிகம் நடப்பது, பிடிஎஃப் போலத் தோன்றும் வேறொரு கோப்பு வருவதுதான். விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் கடைசி ஒட்டை மறைத்தே காட்டும். ‘சம்பளப் பட்டியல்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ’ என்ற பெயருடைய கோப்பு உங்கள் திரையில் ‘சம்பளப் பட்டியல்.பிடிஎஃப்’ என்று மட்டுமே தெரியும். பக்கத்தில் இருக்கும் சிவப்புப் படக்குறியையும் அனுப்பியவரே ஒட்டிவிடலாம். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகைச் சுற்றிவந்த ‘ஐ லவ் யூ’ புழு இதே வித்தையைத்தான் காட்டியது: சாதாரண எழுத்துக் கோப்பாகத் தெரிந்த காதல் கடிதத்தின் மறைந்த கடைசி ஒட்டு, அது இயங்கும் நிரல் என்பதைச் சொல்லியது.

ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, மேலே உள்ள வியூ பட்டியலில் ஷோ என்பதைத் தெரிந்து, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதற்குச் சரி அடையாளம் இடுங்கள். விண்டோஸ் 10இல் அது வியூ பட்டியலிலேயே நேரடியாக இருக்கும். அதன் பிறகு பெயரின் கடைசியில் ஈஎக்ஸ்ஈ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ், ஐஎஸ்ஓ என்று எது இருந்தாலும், அனுப்பியவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும், ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஜிப் கோப்பு ஒன்றுக்குக் கடவுச்சொல் இட்டு, அந்தக் கடவுச்சொல்லையும் அதே கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை மின்னஞ்சல் சேவையின் சோதனையால் பார்க்க முடியாது. பூட்டியதன் நோக்கமும் அதுவாகவே இருக்கும். வேர்ட், எக்ஸெல் கோப்புகள் ‘எனேபிள் கன்டென்ட்’ என்று கேட்டால் அதையும் அழுத்தக் கூடாது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மெக்ரோக்களை, அதாவது ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு நிரல்களை, 2022 முதல் மைக்ரோசொஃப்ட் தானாகவே தடுக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 2007, 2010 ஒஃபிஸ் பதிப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

4. ஃபைலைத் திறந்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. அப்படியென்றால் தப்பித்தேன்தானே?

மன்னிக்கவும், கவலைப்பட வேண்டிய நிலையே இதுதான். உண்மையான ஆவணம் என்றால் ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். பழைய காலத்து வைரஸ்கள் திரையில் கூத்துக் காட்டின. அண்மை ஆண்டுகளில் அதிகம் உலவிய ‘ரெட்லைன்’, ‘லும்மா’ போன்ற தகவல் திருடிகள் ஓசைப்படுவதே இல்லை. உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்களையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கீகளையும் அள்ளி அனுப்புவதற்கு அவற்றுக்குச் சில நிமிடங்களே போதும்.

ஆகவே முதல் வேலை இணையத்தைத் துண்டிப்பது. ரௌட்டரின் சுவிட்சை அணைத்தாலும் சரி, கணினியின் வைஃபையை நிறுத்தினாலும் சரி. பிறகு, எத்தனை மணிக்கு எந்தக் கோப்பைத் திறந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, திரையைக் கைத்தொலைபேசியால் படம் எடுத்து வையுங்கள். பழுதுபார்ப்பவருக்கு, “ஏதோ வந்தது, எதையோ அழுத்தினேன்” என்பதைவிட அந்த ஒரு படம் எவ்வளவோ மேல்.

5. நெட்டைக் கழற்றிவிட்டேன். அடுத்து எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது?

இந்தப் பக்கம் முழுவதிலும் அதிக முக்கியத்துவம் உள்ள விடை இதுதான் என்று நினைக்கிறேன். பலர் பதற்றத்தில் அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றுகிறார்கள். உள்ளே தகவல் திருடி இன்னும் இருந்தால் புதிய கடவுச்சொல்லும் அதை அனுப்பியவனுக்கே போகும். கடவுச்சொல் மாற்றுவதை வேறொரு சாதனத்தில், உதாரணமாகக் கைத்தொலைபேசியில், உடனே செய்யுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, அதன் பிறகே பேஸ்புக்கும் மற்றவையும். பேஸ்புக்கோ வங்கியோ கடவுச்சொல்லை மீட்டுத் தரும்போது அந்தக் கடிதம் பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது என்பதால் மின்னஞ்சலே எல்லாவற்றுக்கும் தலைவாசல்.

கடவுச்சொல்லை மாற்றியதோடு நிற்காமல், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ என்ற இடத்துக்குப் போய், அங்கே காணும் கணினிகள் அனைத்திலிருந்தும் வெளியேறுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கியிருந்தாலும் இது தேவை. குக்கீயைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், தொலைபேசிக்கு வரும் இலக்கமும் வேண்டாம். அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.

அதன் பின்னர் கணினிக்கு வாருங்கள். விண்டோஸோடு கூடவே வரும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் ‘ஸ்கேன் ஒப்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால் பட்டியலில் ‘மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன்’ இருக்கும். அது கணினியை மீளத் தொடக்கி, விண்டோஸ் முழுமையாக எழும்புவதற்கு முன்பே சோதிப்பதால், விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளும் வகைகளும் அகப்படும். சுமார் 15 நிமிடங்கள் எடுக்கும்; மழையும் இடியுமான மாலையில் தொடங்காமல், மின்சாரம் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து, மடிக்கணினியானால் சார்ஜரையும் பொருத்திக்கொண்டு செய்யுங்கள். அது முடிந்ததும் வைரஸ் பட்டியலை அப்டேட் செய்யும் அளவுக்கு மட்டும் இணையத்தை இணைத்து, ‘ஃபுல் ஸ்கேன்’ ஒன்றையும் ஓட விடுங்கள். பழைய வட்டுள்ள கணினியில் அது மணிக்கணக்கில் ஓடும். அவசரப்பட்டு இடையில் நிறுத்த வேண்டாம்.

6. டிஃபென்டர் “எதுவும் இல்லை” என்று சொல்கிறது. நம்பலாமா?

மூன்று விடயங்களைப் பார்த்துவிட்டு நம்பலாம். டிஃபென்டர் இயங்கும் நிலையில் இருக்கிறதா, அதன் வைரஸ் பட்டியல் அண்மையில் புதுப்பிக்கப்பட்டதா, ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ என்ற விலக்குப் பட்டியலில் ஏதாவது கோப்புறை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பவையே அவை. மூன்றாவதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. முழு சி டிரைவும் விலக்குப் பட்டியலில் இருக்கும் கணினியில் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பச்சை அடையாளமே வரும்.

இரண்டாவது கருத்து வேண்டுமானால் மைக்ரோசொஃப்டின் ‘சேஃப்டி ஸ்கேனர்’ என்ற இலவச நிரலையோ மல்வெயார்பைட்ஸின் இலவசப் பதிப்பையோ ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். சேஃப்டி ஸ்கேனர் தரவிறக்கி 10 நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால் பழைய பென்டிரைவில் கிடப்பது உதவாது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தடுப்பு நிரல்கள் இரண்டை ஒரே கணினியில் வைப்பது மட்டும் வேண்டாம். ஒன்றையொன்று மறித்துக்கொண்டு கணினியையும் மந்தமாக்கும்.

7. விண்டோஸ் போட்டுத் தந்தவர், “எச்சரிக்கை வந்தால் அலோ கொடுங்கள்” என்று சொன்னார். கொடுக்கலாமா அண்ணா?

பணம் கொடுக்காமல் விண்டோஸையும் ஒஃபிஸையும் இயக்கவைக்கும் ‘அக்டிவேட்டர்’ ஒன்றைப் போட்டிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். டிஃபென்டர் இதை ‘ஹெக்டூல்’ என்று அடையாளம் காட்டும். உள்ளே வேறெதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் அதை எங்கிருந்து எடுத்தார், அதோடு என்ன ஒட்டி வந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைவிடச் சிக்கல், அது வேலை செய்வதற்காக மேலே சொன்ன விலக்குப் பட்டியலில் ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருப்பார். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை நீக்குங்கள். ஒஃபிஸ் நின்றுபோனால் லிப்ரேஒஃபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. விண்ணப்பக் கடிதம் எழுதவும் மதிப்பெண் பட்டியல் போடவும் தாராளமாகப் போதும்.

8. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகிறது. வைரஸ் எழுத்தைத் தின்றுவிட்டதா?

இல்லை, இது எழுத்துருச் சிக்கல். நம் நாட்டில் அலுவலகங்களும் பாடசாலைகளும் அச்சகங்களும் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமாகத்தான் தெரியும். பாமினியை நிறுவினால் சரியாகிவிடும், அல்லது யூனிகோடாக மாற்றும் கருவியில் இட்டு வாசிக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: எழுத்துருக் கோப்பு டிடிஎஃப் என்று முடிய வேண்டும். “தமிழ் ஃபொன்ட்” என்று தேடிக் கிடைக்கும் ஏதோ ஒரு தளம் ஈஎக்ஸ்ஈ கோப்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இல்லாத வைரஸைத் தீர்க்கப் போய் இருக்கும் வைரஸைக் கொண்டுவருவதாக முடியும்.

9. கணினி ரொம்பவும் மந்தமாகிவிட்டது. அந்த மெயில் வந்த பிறகுதான் இப்படி. வைரஸ்தானே?

நாள் ஒத்துப்போவது காரணமாகிவிடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். ‘டிஸ்க்’ என்ற நிரை எந்நேரமும் 100 சதவீதத்தில் நின்றால் பெரும்பாலும் பழைய வட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது விண்டோஸ் அப்டேட் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. திடீர் மின்வெட்டில் பலமுறை அணைந்த கணினியில் வட்டுப் பிழைகள் சேர்வதும் வழக்கம். நுவரெலியா போன்ற ஈரப்பதமான இடங்களில் மாதக்கணக்கில் மூடிவைத்த கணினி, தொடர்புமுனைகளில் ஈரம் பட்டே தகராறு செய்யலாம். ஏப்ரல் மாத இடி மின்னலில் ரௌட்டர் போனதை “வைரஸ் நெட்டைத் தின்றுவிட்டது” என்று சொன்னவர்களும் உண்டு.

மின்னஞ்சலில் எதையும் திறக்கவில்லை, ஒஃப்லைன் ஸ்கேனிலும் எதுவும் இல்லை என்றால், வட்டை, வேகமான புதிய வகை வட்டான எஸ்எஸ்டியாக மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

10. திரையின் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்” என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. அழுத்தவா?

அழுத்த வேண்டாம். இது பெரும்பாலும் வைரஸின் வேலையே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவித்தல் அனுப்ப அனுமதி கேட்டபோது ‘அலோ’ கொடுத்ததன் விளைவு. குரோமின் அமைப்புகளில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ சென்று, தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் அன்றோடு நின்றுவிடும். முழுத் திரையும் சிவப்பாகி, ஒரு தொலைபேசி இலக்கத்தைக் காட்டி, மைக்ரோசொஃப்டை அழைக்கச் சொன்னால் எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து வெளியேறி உலாவியை மூடுங்கள். மைக்ரோசொஃப்டின் எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இருக்காது.

11. நான் அனுப்பாமலே என் பெயரில் எல்லாருக்கும் மெயில் போகிறதாம். இது எப்படி?

தபால் உறையின் பின்புறத்தில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எவரும் எழுதிவிடலாம். மின்னஞ்சலின் ‘ஃப்ரொம்’ வரியும் அப்படியே. எனவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ‘சென்ட்’ பெட்டி. அங்கே அந்தக் கடிதங்கள் இருந்தால் கணக்கு வேறொருவர் கையில் இருக்கிறது. இல்லாவிட்டாலும் உடனே நிம்மதி அடையாமல், கணினியில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தின் அடியில் வலப்புறம் உள்ள ‘டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்துங்கள். கடைசியாக எங்கிருந்து, எந்தச் சாதனத்தில் கணக்கு திறக்கப்பட்டது என்ற பட்டியல் வரும். சென்ட் பெட்டியில் இருந்ததைத் திருடியவர் அழித்தும் இருக்கலாம்.

இரண்டும் சுத்தமாக இருந்தால், கடிதம் கிடைத்த நண்பரிடம் அதன் முகவரியை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரை மட்டும் வைத்து வேறு முகவரியிலிருந்து வந்திருக்கும். முகவரியும் உங்களுடையதே என்றால் அவர் ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைப் பார்க்கலாம். அங்கே அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று வரிகளில் ‘ஃபெயில்’ என்று காட்டினால் அது போலி. போலிப் பெயருக்காக உங்கள் கணினியில் செய்வதற்கு எதுவும் இல்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி போட்டு எச்சரித்தால் போதும்.

12. பாஸ்வேர்டை மாற்றியும் யாரோ என் மெயிலைப் படிக்கிற மாதிரியே இருக்கிறது. கற்பனையா?

கற்பனையாக இல்லாமலும் இருக்கலாம். கணக்குக்குள் ஒரு முறை நுழைந்தவர், துரத்தப்பட்ட பிறகும் தகவல் வந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போவார். ஜிமெயில் அமைப்புகளில் ‘ஃபோர்வேர்டிங்’ என்ற பகுதியைத் திறந்து, உங்கள் கடிதங்களின் பிரதி தெரியாத முகவரி எதற்காவது போகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் மாறினாலும் அந்த ஏற்பாடு மாறாது.

பக்கத்திலேயே ‘ஃபில்டர்ஸ்’ பகுதி இருக்கும். வங்கியின் பெயரோ “பாஸ்வேர்ட்” என்ற சொல்லோ உள்ள கடிதங்களை நேரே குப்பைக்கு அனுப்பும்படி அங்கே ஒரு விதி எழுதப்பட்டிருக்கலாம். வங்கியின் எச்சரிக்கை உங்கள் கண்ணிலேயே படாது. கணக்கை மீட்பதற்கான தொலைபேசி இலக்கமும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா, தெரியாத செயலி எதற்காவது கணக்கைத் திறக்க அனுமதி உண்டா என்பவற்றையும் பாருங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகே 5ஆம் கேள்வியில் சொன்ன வெளியேற்றும் வேலையை மீண்டும் ஒரு முறை செய்யுங்கள்.

13. கொமியூனிகேஷனில் மெயிலைத் திறந்து சீவி பிரின்ட் எடுத்தேன். லொக் அவுட் செய்தேனா என்று நினைவில்லை.

கைத்தொலைபேசியிலிருந்தே அந்தக் கணினியை வெளியேற்றலாம். 5ஆம் கேள்வியில் சொன்ன சாதனப் பட்டியலில் அது இருக்கும். நம் நகரங்களில் கணக்கு பறிபோகும் வழிகளில் இதை நான் வைரஸுக்கு முன்னே வைப்பேன். பின்னால் வரிசை நிற்க, கடைக்காரத் தம்பி “சீக்கிரம் அக்கா” என்று அவசரப்படுத்த, ‘சேவ் பாஸ்வேர்ட்’ என்ற கேள்விக்கு ‘யெஸ்’ அழுத்திவிட்டு எழும்பிப் போகிறோம். இனிமேல் குரோமில் ‘இன்கொக்னிடோ’ சாளரத்தில் திறந்து, வேலை முடிந்ததும் எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள்.

பென்டிரைவில் கொண்டுபோவதும் முழுப் பாதுகாப்பு அல்ல. திரும்பி வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் ‘ஷோர்ட்கட்’ ஆகியிருப்பது அங்கிருந்து ஒட்டிய வைரஸ். மின்னஞ்சல் மீது பழி போட வேண்டாம். ஷோர்ட்கட் எதையும் சொடுக்காமல் ஸ்கேன் செய்து, வியூ பட்டியலில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதை இயக்குங்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் மறைக்கப்பட்ட நிலையில் அங்கேயே இருக்கும்.

14. “உன் கெமராவில் உன்னைப் படம்பிடித்துவிட்டேன், பிட்கொயின் அனுப்பு” என்று வந்திருக்கிறது. என் பாஸ்வேர்டையும் சரியாக எழுதியிருக்கிறான்.

பயப்பட வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். ஏதோ ஒரு காலத்தில் நீங்கள் பதிவுசெய்த தளம் உடைக்கப்பட்டு, அங்கே இருந்த கடவுச்சொற்கள் பட்டியலாக விற்கப்படுகின்றன. அதை வாங்கியவர் ஒரே கடிதத்தைப் பெருந்தொகையானோருக்கு அனுப்புகிறார். ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் உங்கள் முகவரியை இட்டால் எந்தத் தளத்திலிருந்து போனது என்று காட்டும். அந்தக் கடவுச்சொல் இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மாற்றுங்கள்.

கடிதத்தில் உண்மையாகவே உங்கள் படம் இருந்தால் அது வேறு விடயம். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதை வீட்டுக்குச் சொல்லப் பயந்து பணம் அனுப்பத் தொடங்குகிறார்கள். ஒரு முறை அனுப்பினால் கேட்பது நிற்காது. அப்படியான நிலையில் கடைசிக் கேள்விக்கான விடையைப் பாருங்கள்.

15. கட்டாரில் வேலைக்கு ஒஃபர் லெட்டர் என்று மெயில் வந்திருக்கிறது. திறக்காமல் சோதிக்க வழி இருக்கிறதா தம்பி?

இருக்கிறது. ‘வைரஸ்டோட்டல்’ என்ற தளத்தில் கோப்பை ஏற்றினால் பல டசின் வைரஸ் தடுப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். ஆனால் அங்கே ஏற்றப்படும் கோப்புகளை ஆய்வாளர்கள் பலர் பார்க்க முடியும் என்பதால், உங்கள் அடையாள அட்டைப் பிரதியோ கடவுச்சீட்டோ உள்ள எதையும் ஏற்றக் கூடாது. எல்லா நிரல்களும் பச்சை காட்டினாலும் முந்தாநாள் பிறந்த வைரஸ் தப்பியிருக்கலாம்.

கோப்பு சுத்தமாக இருப்பதால் வேலை உண்மையாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டறியலாம். வைரஸே இல்லாத கடிதத்தை நம்பிக் ‘கட்டணம்’ என்று பணம் அனுப்பி இழப்பது, வைரஸால் இழப்பதைவிடப் பெரிய இழப்பு.

16. மெயிலில் இருந்த லிங்க்கை அழுத்தினேன். “நான் ரோபோ அல்ல” என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் அழுத்தச் சொன்னது. செய்துவிட்டேன்.

அதன் பிறகு கன்ட்ரோலும் வியும், பின் என்டர் என்றும் சொல்லியிருக்கும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையைக் கொப்பி செய்துவைத்து, அதை உங்கள் கையாலேயே ஓடவைத்திருக்கிறது. கோப்பு எதையும் நீங்கள் தரவிறக்காததால் 3ஆம் கேள்வியில் சொன்ன அடையாளங்கள் எதுவும் இங்கே இருக்காது. 2024 முதல் அதிகமாகப் பரவும் இந்த உத்தியால் வந்து சேர்வது பெரும்பாலும் 4ஆம் கேள்வியில் சொன்ன தகவல் திருடிதான். 5ஆம் கேள்வியின் வரிசையை, எதையும் விடாமல், இன்றே செய்யுங்கள். உண்மையான ரோபோச் சோதனை எதுவும் உலாவியை விட்டு வெளியே போகச் சொல்லாது.

17. படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாவற்றின் பெயரும் மாறிவிட்டது. பணம் கேட்டு ஒரு குறிப்பு இருக்கிறது. கட்டினால் திருப்பித் தருவானா?

தரலாம், தராமலும் போகலாம். உங்கள் கோப்புகளை ஒரு நிரல் பூட்டியிருக்கிறது; பணம் கட்டியும் அதன் திறவுகோல் கிடைக்காதவர்கள் உண்டு. முதலில் இணையத்தையும், செருகியிருக்கும் வெளி வட்டுகளையும் கழற்றுங்கள். கப்பம் கேட்கும் குறிப்பையும் பூட்டப்பட்ட கோப்புகளில் ஒன்றிரண்டையும் கொண்டு, ‘நோ மோர் ரென்சம்’ என்ற தளத்தில் அது எந்த வகை என்று பாருங்கள். நெதர்லாந்துப் பொலிஸாரும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய தளம் அது. சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் அங்கே உண்டு. இன்று இல்லாவிட்டாலும் பின்னர் வரலாம் என்பதால் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு வட்டில் வைத்திருங்கள்.

பிரதி எடுத்துவைத்தவர் மட்டுமே இந்தக் கேள்வியிலிருந்து முழுதாகத் தப்புகிறார். வெளி வட்டு ஒன்றில் மாதம் ஒரு முறை பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். எந்நேரமும் செருகியே இருக்கும் வட்டும் சேர்ந்தே பூட்டப்படும்.

18. இவ்வளவு சிரமம் ஏன்? ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரிதானே?

கணினிக்குள் இருப்பது போகும்; 16ஆம் கேள்வியில் உள்ளவருக்கு அதையே நானும் பரிந்துரைப்பேன். ஆனால் ஏற்கெனவே திருடப்பட்ட கடவுச்சொல் ஃபார்மட்டால் திரும்பி வராது, ஜிமெயிலில் எழுதப்பட்ட ஃபோர்வேர்டிங் விதியும் அழியாது. கணக்கு மட்டும் பறிபோனவர் ஃபார்மட் அடிப்பதால் கடைக்காரருக்கு மட்டுமே இலாபம்.

அடிப்பதானால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதி எடுங்கள். நிறுவும் நிரல்களை எடுக்க வேண்டாம். மீண்டும் பழைய அக்டிவேட்டரோடு விண்டோஸ் 7ஐப் போட்டுக்கொண்டு வந்தால் 7ஆம் கேள்விக்கே திரும்பிவிடுவீர்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது; விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. கணினி விண்டோஸ் 11ஐத் தாங்காவிட்டால், படிப்புக்கும் மின்னஞ்சலுக்கும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

19. அதே வைஃபையில் அம்மாவின் ஃபோனும் இருக்கிறது. அதற்கும் தொற்றியிருக்குமா?

விண்டோஸுக்கென எழுதிய நிரல் அண்ட்ராய்ட் கைத்தொலைபேசியில் ஓடாது. அதே மின்னஞ்சலில் வந்த ஏபிகே கோப்பை (அண்ட்ராய்ட் செயலியை நிறுவும் கோப்பு) அங்கே நிறுவியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

20. யாரிடம் முறையிடுவது? ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டுமா?

முதல் கட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவை, அதாவது ‘சேர்ட்’ எனப்படும் நிறுவனத்தை, 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பணம் போயிருந்தால் அதற்கும் முன்னர் வங்கியை அழைத்து அட்டையையும் இணையவழிக் கணக்கையும் நிறுத்துங்கள். அந்த வேலையில் ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் வரும். மிரட்டல், கணக்குத் திருட்டு போன்றவை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை என்பதால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கெனத் தனிப் பிரிவும் உண்டு.

போகும்போது மின்னஞ்சல் தெரியும் திரையைப் படம் எடுத்ததோடு நின்றுவிடாமல், அந்த மின்னஞ்சலையே அழிக்காமல் பெட்டியில் வைத்திருங்கள். அது எந்த வழியாக வந்தது என்ற தலைப்பு விபரம் 11ஆம் கேள்வியில் சொன்ன ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில்தான் இருக்கிறது, படத்தில் அது வராது. நீங்கள் எழுதிவைத்த நேரமும் கோப்பின் பெயரும் உள்ள தாளையும் கொண்டுபோங்கள்.